டி.டி.எஸ். 780 என்றால் குழாய்த் தண்ணீர் விஷமா?

கேள்வி: ஐயா, வேலூர் மாவட்டத்தில் பாலாற்றை ஒட்டிய ஒரு பேரூராட்சியில் வசிக்கிறோம். நான்கு நாளுக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் குழாயில் தண்ணீர் விடுகிறார்கள். சில நாள் காவிரித் தண்ணீர், சில நாள் உள்ளூர் போர் தண்ணீர் என்கிறார்கள். முதலில் மஞ்சளாக வந்து பிறகு தெளிகிறது. ஒரு நாள் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருக்கும், இன்னொரு நாள் வாடையே இருக்காது. எங்கள் வீட்டுக் குழாய் தெருச் சாக்கடையைத் தாண்டித்தான் உள்ளே வருகிறது. போன மழைக்காலத்தில் 4 வயது மகனுக்கு இரண்டு தடவை வயிற்றுப்போக்கு வந்தது. கைக்குழந்தைக்கு 4 மாதம். தாய்ப்பாலோடு பவுடர் பாலும் கொடுக்கிறோம். போன வாரம் ஆர்.ஓ. மெஷின் விற்க ஒருவர் வந்தார். மீட்டரை விட்டுப் பார்த்து "டி.டி.எஸ். 780" என்றார். இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு கரண்ட் கொடுத்ததும் தண்ணீர் செங்கல் நிறமாகிவிட்டது. "இந்த விஷத்தைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்" என்றார். 16 ஆயிரம் ரூபாய் போனால் போகட்டும், வாங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். "இத்தனை வருஷமா இதைத்தானே குடிச்சோம்" என்கிறார் மாமியார். தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்திருக்குமோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: சகோதரி, அந்த மெஷினை இப்போதைக்கு வாங்க வேண்டாம். குடிநீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது 780 என்ற எண் இல்லை. வாடையே இல்லாத நாட்களும், சாக்கடையைத் தாண்டி வரும் குழாயும், பவுடர் பால் குடிக்கும் 4 மாதக் குழந்தையும்தான் கவலையாக இருக்கிறது. இந்த மூன்றையும் பற்றி அந்த விற்பனையாளர் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்.

முதலில் அந்தக் கம்பி வித்தையைப் பார்த்துவிடுவோம். அவர் விட்ட கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும்; பாயும்போது இரும்புக் கம்பியே கரைந்து துருவாகத் தண்ணீரில் இறங்கும். நீங்கள் பார்த்த செங்கல் நிறம் அந்தக் கம்பியிலிருந்து வந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது, நிறமும் மாறாது. அவர் மறுபடி வந்தால், அவருடைய ஆர்.ஓ. தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே வித்தையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் செங்கல் நிறமாகும். பிள்ளைகளைக் காட்டிப் பயமுறுத்தி ஒரு பொருளை விற்பது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம். அதனால்தான் இதை இவ்வளவு விளக்குகிறேன்.

அடுத்து 780. டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்த அளவு. கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு எல்லாம் அதில் சேரும். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. 780 இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. பருப்பு வேகத் தாமதமாகும், சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு பிடிக்கும். நம் வட ஆர்க்காட்டுப் பாறை நிலத்து போர் தண்ணீருக்கு இது அதிசயமான எண்ணும் இல்லை. பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பைப் போட்டால் மீட்டர் சுமார் 500 கூடிவிடும். அதே குடத்தில் கொஞ்சம் சாக்கடைத் தண்ணீர் கலந்தால் மீட்டர் அசையக்கூட அசையாது. காலராவோ டைபாய்டோ மஞ்சள் காமாலையோ வருவதற்கு அந்தக் கொஞ்சம் போதும். அந்த மீட்டர் பார்ப்பது உப்பை மட்டும்தான். கிருமி அதன் கண்ணில் படாது.

ஆனால் மீட்டரைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூரிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீரில் உப்பு குறைவு. உள்ளூர் போர் தண்ணீரில் அதிகம். இன்று உங்கள் குழாயில் எது வருகிறது, இரண்டும் கலந்து வருகிறதா என்பதை அந்த எண் ஓரளவு சொல்லிவிடும். ஒவ்வொரு முறை தண்ணீர் வரும்போதும் காலண்டரில் எண்ணைக் குறித்து வையுங்கள். கைக்குழந்தை விஷயத்தில் இந்தக் குறிப்பு உதவும், கீழே சொல்கிறேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். நான்கு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடும் ஊரில், மீதி நேரமெல்லாம் பூமிக்கடியில் இருக்கும் குழாய் காலியாகக் கிடக்கிறது. தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியேதான் போகும். காலியாகும்போது நடப்பது தலைகீழ்: வெளியே தேங்கி நிற்கும் சாக்கடை, அதே ஓட்டை வழியாக உள்ளே வரும். போதாக்குறைக்கு, தெருவில் நாலு வீட்டில் குழாயோடு நேராக மோட்டாரை மாட்டி இழுப்பார்கள். அந்த உறிஞ்சலில் பக்கத்து இணைப்புகளின் விரிசல் வழியாகவும் கழிவு உள்ளே வரும். மேல்நிலைத் தொட்டியில் நல்ல தண்ணீராக ஏறியது, உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். மழைக்காலத்தில் உங்கள் மகனுக்கு வயிற்றுப்போக்கு வந்ததும் இதோடு பொருந்துகிறது. தண்ணீர்தான் காரணம் என்று பரிசோதனை இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் சாக்கடைக்குள் கிடக்கும் அந்த இணைப்புக் குழாய்தான்.

ஆகவே அடுத்த முறை தண்ணீர் நின்ற பிறகு, பிளம்பரைக் கூட்டிவந்து அந்த இடத்தைத் தோண்டிப் பாருங்கள். துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய் என்றால் மாற்றிவிடுங்கள். முதலில் மஞ்சளாக வந்து சில நிமிடத்தில் தெளிவதும் பெரும்பாலும் துருதான். சாக்கடையைக் கடக்கும் நீளம் முழுவதும் இணைப்பே இல்லாத ஒரே குழாயாக, சாக்கடைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஒரு பெரிய குழாயை உறைபோல மாட்டி அதற்குள் செல்ல வேண்டும். நீங்கள் ஆர்.ஓ. வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியிலேயே இது முடிந்துவிடும். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டின் முதல் செலவு இதுதான். மறக்காமல் வீட்டு சம்ப்பையும் பாருங்கள். கழிப்பறைக் குழிக்குப் பக்கத்தில் சம்ப் கட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. உள்பூச்சில் விரிசல் இருந்தால் அங்கேயும் இதே கதைதான்.

பிளீச்சிங் வாடையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வாடை லேசாக இருப்பது நல்ல அடையாளம். தொட்டியில் போட்ட குளோரின் வழியில் கிருமியோடு மல்லுக்கட்டிச் செலவானது போக, கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மீதி இருக்க வேண்டும். இதைத்தான் எஞ்சிய குளோரின் என்போம். வாடையே இல்லாத நாள் என்றால் ஒன்று, அன்றைக்குக் குளோரின் போடவில்லை. அல்லது வழியில் கழிவு கலந்து அத்தனையும் தீர்ந்துபோயிற்று. இரண்டுமே நல்லதில்லை. மூக்கை மட்டும் நம்ப வேண்டாம், இதற்கு எளிய பரிசோதனைப் பெட்டி இருக்கிறது. தண்ணீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும், அதை நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். இன்னொரு வகையில் இளஞ்சிவப்பு வரும். நிறமே வராவிட்டால் குளோரின் இல்லை என்று பொருள். பேரூராட்சியின் பம்ப் ஆபரேட்டரிடம் இந்தப் பெட்டி இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக் குழாயில் சோதித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், தப்பே இல்லை. சோதித்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுங்கள், மருந்துப் புட்டி பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

பரிசோதனை முடிவு வரும்வரை என்ன குடிப்பது? கொதிக்கவைத்த தண்ணீர்தான். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும். இருபது நிமிடம் கொதிக்கவைத்து கேஸை வீணாக்க வேண்டாம். குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி ஒன்று உண்டு, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். கொதிநீரில் அதுவும் செத்துவிடும். ஆறவைத்த தண்ணீரை அதே பாத்திரத்திலோ குழாய் வைத்த டிரம்மிலோ மூடி வையுங்கள். சொம்பை உள்ளே விட்டு மொள்ளக் கூடாது, விரல் வழியாகத்தான் கிருமி மறுபடி உள்ளே போகிறது. சம்ப்புக்கு பிளீச்சிங் போடுவதென்றால் 1000 லிட்டருக்கு சுமார் 4 கிராம். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். வாய் திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும். அப்புறம், நான்கு நாள் தண்ணீரைப் பிடித்து வைக்கும் டிரம்களை வாரம் ஒரு முறையாவது தேய்த்துக் கழுவி மூடி வையுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது அதில்தான்.

இனி கைக்குழந்தை. இதைக் கவனமாகப் படியுங்கள். கழிப்பறைக் குழிகள், மாட்டுக் கொட்டகை, உரம் போட்ட நிலம் இவற்றின் பக்கத்தில் இருக்கும் போர் தண்ணீரில் நைட்ரேட் என்ற உப்பு இறங்கியிருக்கலாம். ஐ.எஸ். 10500 வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லையென்றாலும் இதற்குச் சலுகை கிடையாது. வரம்பு மீறிய தண்ணீரில் பவுடர் பால் கலந்து கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கலாம். உதடும் நகமும் நீலம் பாயும். அப்படி எதையாவது பார்த்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் செறிவாகும். ஆகவே முடிவு வரும்வரை மீட்டரில் எண் அதிகமாகக் காட்டும் போர் தண்ணீரைக் குழந்தையின் பாலுக்குத் தொடாதீர்கள். எண் குறைவாக இருக்கும் நாளில் பிடித்த காவிரித் தண்ணீரைத் தனியாக எடுத்து வைத்து, ஒரே ஒரு முறை கொதிக்கவைத்து, நல்ல சூடாக இருக்கும்போதே, அதாவது 70 டிகிரிக்குக் குறைவதற்கு முன், பவுடரைக் கலந்து பிறகு ஆறவைத்துக் கொடுங்கள். பவுடரிலும் கிருமி இருக்கலாம் என்பதால்தான் இந்தச் சூடு. பவுடர் பாலே தேவையா என்று குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை மனம்விட்டுப் பேசுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குத் தண்ணீரே வேண்டியதில்லை, இந்தக் கவலை மொத்தமும் தீர்ந்துவிடும்.

மாமியார் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் குடித்து வளர்ந்தது பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி இறைத்த தண்ணீராகவோ, ஆற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீராகவோ இருந்திருக்கும். அடுக்கடுக்கான மணல் வடிகட்டிக் கொடுத்த தண்ணீர் அது. இன்றைக்கு அந்த மணல் பெருமளவு அள்ளப்பட்டுவிட்டது, வீட்டுக்கு வீடு கழிப்பறைக் குழி வந்துவிட்டது, போர்களின் ஆழம் கூடிக்கொண்டே போகிறது. ஊர் அதேதான், தண்ணீர்தான் அதே தண்ணீர் இல்லை. இதை அவரிடம் பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வார் என்றே நினைக்கிறேன்.

தோல் கழிவு பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் வெறும் வதந்தியில் பிறந்தது இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுக தோல் தொழிற்சாலைகள். தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பும், பதப்படுத்தும் குரோமியமும் பல ஆண்டுகள் மண்ணிலும் ஆற்றிலும் இறங்கின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் இன்றைக்கு மேற்கோள் காட்டப்படும் அந்தத் தீர்ப்பு நம் மாவட்டத்து மக்களின் தண்ணீருக்காக வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு சேர வேண்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது என்றால், இடையில் இந்த மக்கள் எவ்வளவு காத்திருந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மலை தனிக் கதை.

ஆனால் 780 என்ற எண்ணை மட்டும் வைத்து உங்கள் தண்ணீரில் தோல் கழிவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. கழிவு இறங்கிய கிணறுகளில் டி.டி.எஸ். பல ஆயிரம் வரை போவதுண்டு. குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அந்த அளவில் கண்ணுக்கும் நாக்குக்கும் எதுவும் தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். அதனால் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது வழக்கமான இனங்களோடு நைட்ரேட், ஃப்ளூரைடு, குளோரைடு, மொத்த குரோமியம் நான்கையும் எழுதிக் கேளுங்கள். ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். ஆழமான போர்களில் இதைப் பார்க்காமல் விடக் கூடாது.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டினால் பொதுமக்களுக்கும் சோதித்துத் தருவார்கள். ரசாயனச் சோதனைக்கு நன்றாகக் கழுவிய இரண்டு லிட்டர் பாட்டில் போதும். கிருமிச் சோதனைக்கு மட்டும் கூல்டிரிங்க் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்கி, குழாய் வாயைத் துடைத்துச் சூடுகாட்டி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டிலின் விளிம்பைத் தொடாமல் பிடித்து, ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். வாடை இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துப் பிடியுங்கள். முடிவில் 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை என்ற குடல் கிருமி இருக்கவே கூடாது. ஒன்று இருந்தாலும் மலக் கழிவு கலந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். போர் தண்ணீருக்குத் தனி பாட்டில், காவிரித் தண்ணீருக்குத் தனி பாட்டில்.

நைட்ரேட், ஃப்ளூரைடு, குரோமியம் இவற்றில் ஏதாவது வரம்பைத் தாண்டியிருந்தால் அப்போது ஆர்.ஓ. வாங்குங்கள், நானே வாங்கச் சொல்வேன். இவற்றை வீட்டளவில் நீக்க அது கைக்கெட்டும் வழி. கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால் அடுப்பும் குளோரினும் போதும். ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு அதைவிட அதிகமான தண்ணீரை வெளியே தள்ளும். நான்கு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வரும் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. அதில் வடிந்த தண்ணீரில் குளோரின் இருக்காது, கைபட்டால் சீக்கிரம் கெடும். கேன் தண்ணீரும் முழுத் தீர்வாகாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் குடியிருப்புப் பகுதிக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து ஆராய்ந்தபோது, பாட்டில் குடிநீர் கொடுத்த பிள்ளைகளிடமும் கிரிப்டோஸ்போரிடியம் தொற்று குறையவில்லை. கை கழுவுவதும் சுற்றுப்புறமும் அந்த அளவுக்கு முக்கியம். கேன் வாங்கினால் சீல் உடையாததா, தேதி இருக்கிறதா, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மகனுக்கு மறுபடி வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலை உடனே ஆரம்பியுங்கள். ரத்தம் கலந்து போனாலோ, கண் குழிவிழுந்து சோர்ந்தாலோ மருத்துவரிடம் ஓடுங்கள்.

பேரூராட்சிக்கு மனு எழுதும்போது "தண்ணீர் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் உறங்கும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தத் தெரு, குளோரின் நிறம் வந்ததா, வால்வுக் குழியில் சாக்கடை தேங்கியிருக்கிறதா என்பதை எழுதி, ஆய்வு முடிவின் நகலை இணைத்து, தெருவாசிகள் பத்துப் பேராவது கையெழுத்துப் போட்டு செயல் அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதியைத் தொட்டியின் மேலேயே எழுதியிருப்பார்கள். பழைய தேதியாக இருந்தால் போட்டோ எடுத்து அதையும் சேருங்கள். அசைவில்லை என்றால் முதல்வரின் குறைதீர் உதவி எண் 1100, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம் இருக்கின்றன. கையெழுத்து வாங்கப் போகும்போதே, குழாயில் நேராக மோட்டார் மாட்டியிருக்கும் வீடுகளிலும் பக்குவமாகப் பேசிப் பாருங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

ஆய்வு முடிவு கைக்கு வந்ததும் எழுதுங்கள். ஈ.கோலை, நைட்ரேட், ஃப்ளூரைடு, மொத்த குரோமியம், எஞ்சிய குளோரின் இந்த ஐந்து வரிகளை மட்டும், எந்தத் தண்ணீர் என்ற குறிப்போடு அனுப்பினால் போதும். மெஷின் வேண்டுமா வேண்டாமா என்பதை அதை வைத்து முடிவு செய்துவிடலாம். அதற்குள் அந்தச் சாக்கடைக் குழாயை மாற்றிவிடுங்கள். அதற்கு எந்த முடிவுக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.